இறங்குவது இலவசம்

எங்கள் லிஃப்டில் ஏறப் பத்து தெத்ரி.
எண் பலகைக்குக் கீழே தகர உண்டியல்,
போட்டால்தான் அசையும். இறங்கக் காசு கேட்காது.
திபிலீசிக்குப் புதிதாக வருகிறவர்கள்
இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.
ஒன்பதாம் மாடிக்கு உருளைக்கிழங்கு மூட்டையோடு
ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

சாவி என்னிடம், பதினோரு வருஷமாக.
குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரும்
தரையைப் பார்த்த நேரம்
நான் கவனமில்லாமல் ஜன்னலைப் பார்த்தேன்.
முடிந்தது.

மாதக் கடைசி ஞாயிறு
சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு விரித்துக் கொட்டுவேன்.
மூன்று நாள் கையில் உலோக வாடை.
காசோடு காசாக என்னென்னவோ வரும்:
வாஷர், துருக்கி நாணயம்,
ஒருமுறை ஒரு பால்பல்.
அதை லிஃப்ட் கதவில் ஒட்டி வைத்தேன்.
மறுநாள் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

போன அக்டோபரிலிருந்து பித்தளைப் பொத்தான்.
ரயில்வே சீருடைக் கோட்டுப் பொத்தான்,
சிறகு வைத்த சக்கரம் பொறித்தது.
பின்பக்கக் காதை அரத்தால் ராவி
வழவழவென்று, காசு போலவே.
வாரத்துக்கு ஒன்று. சில வாரம் இரண்டு.

இந்தக் கட்டிடத்தில் ரயிலில் வேலை பார்த்தவர்
ஒருவர்தான். ஏழாம் மாடி வாஜா.
என்னோடு பேச்சு இல்லாதவர்.
அவர் பால்கனிக்கு மேலேதான் என் துணிக்கொடி,
கப்பியில் ஏறி எதிர்க் கம்பம் வரை ஓடுகிறது.
சொட்டுகிறது என்றார். பிழிந்துதான் போடுகிறேன் என்றேன்.
கீழே வால்நட் காயவைத்திருந்தாராம்.
ஐந்து வருஷத்துக்கு முந்திய சண்டை.

பொத்தான்களைத் தயிர்ப் போத்தலில் போட்டு
என் பையிலிருந்து காசெடுத்துக் கணக்கை நேராக்கினேன்.
யாரிடம் சொல்ல?
இரண்டாம் மாடி லமாராவின் காதில் விழுந்தால்
ரொட்டி ஆறுவதற்குள் பக்கத்துக் கட்டிடம் போய்விடும்.

ஜனவரியில் கம்பி வடம் தேய்ந்து
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றது லிஃப்ட்,
உள்ளே நாதியாவின் பையனும் அவன் செலோவும்.
பழுது பார்க்க முந்நூற்று நாற்பது லாரி.
கதவு கதவாகத் தட்டினேன்.
தரைத்தளத்து நுக்சார் "நான் எங்கே ஏறுகிறேன்?" என்றார்.
"கூரை ஒழுகினாலும் என்னிடம் வராதே" என்றார்,
நான் கூரையைப் பற்றி வாய் திறக்கும் முன்பே.
லமாரா பாதி தந்தாள். மீதிக்குச் சீஸ் ரொட்டி.

வாஜா கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளேயே கோட்டு.
முன்பக்கத்தைக் கயிற்றால் கட்டியிருந்தார்.
இருபது லாரித் தாள் ஒன்றை
மடிப்பு நீவி நீட்டினார்.
நோட்டில் பெயர் எழுதும்போது
அவர் நெஞ்சுப் பக்கம் பார்க்காமலிருக்க
மை தீர்ந்த மாதிரி பேனாவை உதறிக்கொண்டே இருந்தேன்.

ஊசிநூலோடு போத்தலைக் கொடுத்துவிடலாமென்று
ஒரு ராத்திரி கையில் எடுத்தேன்.
காதில்லாத பொத்தானை எங்கே தைக்க?

லிஃப்ட் இப்போது ஓடுகிறது.
உண்டியலில் பொத்தான் விழுவதில்லை.
படிக்கட்டில் அவர் மூச்சு கேட்கிறது,
நாலாம் மாடியில் ஒரு நிறுத்தம்,
ஆறில் நீண்ட நிறுத்தம்.

ரொட்டிக் கடையிலிருந்து அவர் திரும்புவது பதினொன்றரைக்கு.
பதினொன்று இருபதுக்கே நான் கீழே
தபால் பெட்டிகளின் முன் நின்று
வராத கடிதத்தைத் தேடுகிறேன்.
அவர் காலடி கேட்டதும் காசு போடுகிறேன்,
கதவைச் செருப்புக் காலால் தடுத்துக்கொள்கிறேன்.
உண்டியல் ஆள் எண்ணுவதில்லை.

அவர் ஏழு, நான் ஒன்பது.
சூடான ரொட்டி வாசனை நடுவில் நிற்கிறது.
மூன்று வாரம் இப்படியே போனது.
நேற்று ஏழில் கதவு திறந்தபோது
"உன் போர்வை சொட்டுகிறது" என்றார்,
வெளியே கால் வைத்துக்கொண்டே.

"பிழிந்துதான் போட்டேன்" என்றேன்.
கதவு மூடியது.